எட்டாவது வெள்ளிக்கட்டி

படப்பையில் வெள்ளி விற்கும் கடைக்காரர் முதல் நாளே சொன்னார். வெள்ளிக்கட்டியைப் பிளாஸ்டிக் உறையோடு அப்படியே வைத்திருக்க வேண்டும், உறையைக் கிழித்துவிட்டுத் திரும்ப விற்க வந்தால் யாரும் முழு விலை தர மாட்டார்கள் என்று. நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். ஷேர் ஆட்டோ வருவதற்குள் உறையைப் பல்லால் கிழித்தாயிற்று. தொட முடியாத பொருளை வாங்குவதற்கா அத்தனை ஓ.டி. பார்த்தேன்?

இந்தப் புத்திக்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் நான் பணம் கட்டி வந்த சீட்டுக் கம்பெனி ஒரு திங்கட்கிழமை பூட்டிக் கிடந்தது. என்னிடம் மிஞ்சியது அட்டை மட்டும். அன்றிலிருந்து காகிதத்தில் இருக்கும் பணத்தை நான் நம்புவதில்லை. சேர்த்தால் கையில் கனக்க வேண்டும். நூறு கிராம் வெள்ளிக்கட்டி தீப்பெட்டி அளவுதான். ஆனால் உள்ளங்கையில் வைத்தால் கை தானாகக் கொஞ்சம் தாழும். அந்தக் கனம் எனக்குப் பிடித்துப்போனது. அதற்காக ஒரு நல்ல மனிதனைத் திருடன் என்று சொல்கிற அளவுக்குப் போவேன் என்று அப்போது தெரியாது.

அவனும் நானும் ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் இருந்தோம். எனக்கு உத்திரமேரூர்ப் பக்கம், அவனுக்குத் தென்காசிப் பக்கம். கார்க் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனியில் இருவருக்கும் ரப்பரை அச்சில் அழுத்தி வேகவைக்கும் ஒரே பிரஸ். அவன் பகலில் நின்றால் நான் இரவில் நிற்பேன். வாரம் மாறினால் ஷிஃப்டும் மாறும். நாலு வருடம் இப்படித்தான் போனது. வெந்த ரப்பரின் தீக்குச்சி வாடை எங்கள் இருவர் கையிலும் எப்போதும் இருக்கும். எந்த சோப்புக்கும் அது அசையாது.

அந்தப் பிரஸ்ஸில்தான் அவனுடைய வலது ஆள்காட்டி விரலின் நுனி போயிற்று. காயம் ஆறியதும் அந்த இடம் ஒரு கோடுகூட இல்லாமல் வழுவழுவென்று மூடிக்கொண்டது. கம்பெனி கேட்டில் வருகைக்கு விரல் வைக்கிற மெஷின் அதன்பிறகு அவனை அடையாளம் தெரியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் வேறு விரலைப் பதிந்து கொடுத்தார்கள். இழப்பீடாகக் கிடைத்த தொகையில் அவன் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. தன் விரல் பேங்கில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பான். எங்களுக்குச் சிரிப்பு வராது.

வெள்ளி விலை உச்சிக்குப் போனபோது கேண்டீனில் வேறு பேச்சே இல்லை. நான் மட்டும் வாங்கவில்லை. ஏறுகிற பொருளைக் கண்டால் எனக்குப் பயம். அது சரியத் தொடங்கியதும் எங்கிருந்தோ தைரியம் வந்தது. காலையில் ஷிஃப்ட் முடிந்ததும் போனில் விலை பார்ப்பேன். இறங்கியிருந்தால் படப்பைக்கு வண்டி ஏறுவேன். நாலு வருடச் சேமிப்பு ஒவ்வொரு கட்டியாக மாறியது. வாங்கிய மறுநாளே அது இன்னும் இறங்கும். இறங்கும்போது விற்கிறவன் ஏமாளி, வாங்கி வைக்கிறவன்தான் பிழைப்பான் என்று அறையில் பிரசங்கம் செய்வேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பான்.

“கெணத்துல வாளி எறக்குத மாதிரி எறக்கிக்கிட்டே இருக்க. கயிறு பத்துமா மக்கா?”

கட்டிகள் என் இரும்புப் பெட்டியில், பழைய பனியனுக்குள் இருந்தன. சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அதை ஒளித்து வைக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியதே இல்லை.

இரவு ஷிஃப்ட் வாரங்களில் பகல் முழுவதும் அறையில் நான் ஒருவன்தான். ஜன்னலுக்குப் பெட்ஷீட் தொங்கவிட்டிருப்பேன். அந்த வரிசை வீடுகளில் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அப்படியொரு அமைதியை நான் வேறு எங்கும் கண்டதில்லை. தூங்குவதற்கு முன் கட்டிகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கையில் வைத்துப் பார்ப்பேன். நான்காவது வாங்கிய சமயத்தில், முதல் கட்டியின் மேல் லேசான மஞ்சள் தெரிந்தது. ஏதோ கறை என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் அது பழுப்பாகியிருந்தது. அதற்கடுத்த வாரம் கறுத்து, சுழி சுழியாகக் கோடுகள் தெரிந்தன. ஒரு கட்டைவிரல்.

துடைத்தேன், போகவில்லை. அடுத்தடுத்த நாட்களில் இரண்டாவது கட்டியில் இரண்டு விரல்கள் வந்தன. மூன்றாவதில் நான்கு. யாரோ பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு மெதுவாகத் தொட்டுப் பார்ப்பதுபோல இருந்தது. ஒருநாள் பெட்டியைப் பூட்டிவிட்டு, மூடியின் விளிம்பு முழுவதும் முகப்பவுடரைத் தூவி வைத்தேன். ஆறு நாள் கழித்துப் பார்த்தபோது பவுடர் கலையவே இல்லை. திறந்தால், சுத்தமாக வைத்த நான்காவது கட்டியின் நடுவில் புதிதாக ஒரு விரல் இருந்தது. அன்று தூங்கவில்லை, வெளியே படியில் வெயிலில் உட்கார்ந்திருந்தேன்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வீட்டுக்குள்ளேயே பயம். அவனிடம் சொன்னேன். பேய் வந்திருந்தால் அந்தப் பவுடரைப் பூசிக்கொண்டல்லவா போயிருக்கும் என்றான். ஆனாலும் அந்த வாரம் முழுக்க, நான் வந்து தனியாகப் படுப்பதற்காக, விளக்கை அணைக்காமலே வேலைக்குப் போனான்.

ஏழாவதை வாங்கிய நாள் எனக்கு இரட்டை ஷிஃப்ட். பதினாறு மணி நேரம் நின்றுவிட்டுத் தூங்காமல் படப்பைக்குப் போனேன். விலை பலமாக விழுந்திருந்ததால் கடையில் நிற்க இடமில்லை. கட்டியை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தது நினைவிருக்கிறது. பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்தது நினைவிருக்கிறது. அறைக்கு வந்து விழுந்தவன் மறுநாள்தான் எழுந்தேன்.

பத்து நாள் கழித்து எண்ணினேன். பெட்டியில் ஆறு இருந்தன. பில்கள் ஏழு. பனியனை உதறினேன், பாயைப் புரட்டினேன், அரிசி வாளியில்கூடக் கைவிட்டுத் தேடினேன். ஆறுதான். அப்போது என் மனதில் வந்தது பதற்றம் மட்டுமல்ல, ஒரு நிம்மதியும் வந்தது. அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், ஆனால் பேய் வெள்ளியை எடுத்துக்கொண்டு போகாது. ஆள்தான் எடுப்பான். அத்தனை நாள் பேயாக இருந்தது ஒரு நொடியில் ஆளாகிவிட்டது. அந்த ஆளுக்குச் சாவி எங்கே தொங்குகிறது என்று தெரியும்.

சாயங்காலம் அவன் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“ஏழு இருந்துச்சு. இப்ப ஆறுதான் கீது.”

“நல்லா எண்ணிப் பாத்தியா?”

“நாலு வாட்டி எண்ணிட்டேன். இந்த ரூம்ல நீயும் நானும்தான் கீறோம்.”

அவன் சட்டையைக் கையில் பிடித்தபடியே நின்றான். நான் எடுத்திருப்பேன் என்று நினைக்கிறாயா என்று கேட்பான், சண்டை வரும், இரண்டு அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அவனோ சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனான்.

நாலாம் நாள் பெட்டியைத் திறந்தால் ஏழு இருந்தன. பயந்துபோய்த் திருப்பி வைத்துவிட்டான் என்று நினைத்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அவனிடம் அதைப் பற்றிப் பேசவில்லை, பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டதாக எண்ணம். சாவியை மட்டும் ஆணியிலிருந்து எடுத்து இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டேன். அவன் அதைப் பார்த்தான். மாசக் கடைசியில் கம்பெனியில் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். போகும்போது கேஸ் அடுப்பைத் துடைத்து வைத்துவிட்டுப் போனான்.

அதன்பிறகு பெட்டியைத் திறக்க எனக்கு ஏனோ மனம் வரவில்லை. விலை மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

இரண்டு மாதம் கழித்துப் படப்பையிலிருந்து போன் வந்தது. என் கட்டி வந்து எவ்வளவோ நாளாயிற்று, வந்து எடுத்துக்கொள்ளக் கூடாதா என்றார் கடைக்காரர். எந்தக் கட்டி என்றேன். ஏழாவது பில்லின் நம்பரைச் சொன்னார். விலை விழுந்தால் வாங்குகிற கூட்டத்தில் சரக்கு தீர்ந்துவிடும், அன்றைய விலைக்குப் பணத்தை வாங்கிக்கொண்டு பொருளைப் பிறகுதான் கொடுப்பார்கள். அன்று நான் கையில் வைத்துப் பார்த்தது கடையின் மாதிரிக் கட்டி. வாங்கிப் பார்த்தது நினைவிருந்தது, திருப்பிக் கொடுத்தது நினைவில்லை.

கடைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. உறையோடு அவர் நீட்டிய கட்டியைப் பழக்க தோஷத்தில் கிழிக்கப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, கையை முகர்ந்து பார்த்தார்.

“ரப்பர் கம்பெனியா? இந்தக் கையால தொடாத. ரப்பர்ல போடுற கந்தகம் கையிலயே கீது. இன்னிக்குத் தொட்டுட்டு நீ போயிடுவ, ஒரு மாசம் கழிச்சி உன் விரலு கறுப்பா ஏந்து வரும்.”

உன் கூட்டாளியிடமும் இதையே சொன்னேன் என்றார். எந்தக் கூட்டாளி? விரல் நுனி இல்லாதவர். நான் வாங்குகிற அதே மார்க் கட்டி ஒன்று வேண்டும் என்று வந்தாராம். உறையை அங்கேயே கத்தரிக்கோல் வாங்கி வெட்டினாராம். அதில் போட்டது எந்தப் பணம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அறைக்கு வந்து, கதவைத் திறந்து போட்டு, பகல் வெளிச்சத்தில் பெட்டியைத் திறந்தேன். ஆறு கட்டிகளிலும் என் விரல்கள்தான். கோடு கோடாக, தெளிவாக, நான் தொட்ட இடத்திலெல்லாம். நான் மட்டும் ஒருமுறை ஒழுங்காகப் பார்த்திருந்தால் அது நுனியில்லாதவன் கையல்ல என்று தெரிந்திருக்கும். ஏழாவதாக இருந்த கட்டியில் மூன்று தடம் பக்கம் பக்கமாக எழுந்து நின்றன. இரண்டில் கோடுகள் இருந்தன. மூன்றாவது கொஞ்சம் தாழ்ந்து, கோடே இல்லாத வெறும் கறுப்புத் திட்டாக இருந்தது. அவன் அறையைவிட்டுப் போன பிறகு, யாருமில்லாத பகல்களில், பூட்டிய பெட்டிக்குள் அது எனக்காகக் கறுத்துக்கொண்டு இருந்திருக்கிறது. அழுதேன்.

போன் செய்தேன். மூன்றாம் முறை எடுத்தான். எல்லாவற்றையும் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன், நாளைக்கே பஸ் ஏறிக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன்.

“வேண்டாம் மக்கா. அது ஒம் பொட்டியிலேயே கெடக்கட்டும். எறங்குத நேரத்துல பொருள வெளிய எடுக்கப்பிடாதுன்னு நீதான சொன்ன.”

பிறகு அவன் நம்பர் கிடைக்கவில்லை.

பில் இல்லாத அந்த எட்டாவது கட்டியை விற்க முடியாது, பாலிஷ் போட்டுத் துடைக்கவும் முடியாது. துடைத்தால் அவன் விரல் போய்விடும். துடைக்காவிட்டாலும் அது தங்கப்போவதில்லை. அறை முழுக்க என் வேலைத் துணிகளின் வாடை. கட்டியின் ஓரங்கள் பழுப்பாகிவிட்டன, பழுப்பு நடுவை நோக்கி வருகிறது. ஒருநாள் எல்லாம் ஒரே கறுப்பாகும், அப்போது அந்த மூன்று தடங்களும் தெரியாது. அதற்குள் தென்காசிக்குப் போய் அவன் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சாவி பழையபடி ஆணியில் தொங்குகிறது.