ஜெகதீசனின் போனில் இடமில்லை

ஜெகதீசன் எதையும் லேசில் தூக்கிப் போடமாட்டார். கஞ்சர் என்று நினைத்துவிட வேண்டாம். நாலு பேரைக் கண்டால் முந்திக்கொண்டு டீக்குச் சொல்கிற மனிதர். தூக்கிப் போடுவதற்கென்று ஒரு முறை இருக்கிறது, அந்த முறைப்படி நடக்காதவரை ஒரு துரும்புகூட வாசல் தாண்டக்கூடாது என்பது அவருடைய கட்சி.

இந்தக் கட்சி அவருக்கு உத்தியோகத்தில் ஒட்டிக்கொண்டது. புனேயில் ஒரு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, அங்கிருந்தே ஓய்வு பெற்றவர். ஸ்டோர்ஸில் ஒரு சாமான் உடைந்தால், உடைந்ததைக் கண்ணால் பார்த்தது மட்டும் போதாது. மூன்று பேர் கொண்ட போர்டு கூடியாக வேண்டும். கண்டெம்னேஷன் போர்டு என்று அதற்குப் பெயர். மூவரும் சாமானைச் சுற்றி நின்று பார்த்து, இனி இது உதவாது என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது கழிவுக்குப் போகும். அப்படித்தான் மூன்று கால் நாற்காலி ஒன்று, மூன்றாவது கையெழுத்துக்காரர் மாற்றலாகிப் போனதால், வருஷக்கணக்கில் சுவரில் சாய்ந்தபடியே காலம் தள்ளியது. ஜெகதீசன் அதையும் மாதாமாதம் துடைத்து வைத்தார்.

ஓய்வு பெற்ற அன்று மகள் தமிழரசி ஒரு போன் வாங்கிக் கொடுத்தாள். புனேக்குப் பக்கத்தில் சாகணில் கார் கம்பெனியில் இன்ஜினீயர் அவள். வாங்கினால் நல்லதாகத்தான் வாங்குவாள். அப்பாவின் கையில் போனவுடன் அந்தப் போனும் ஸ்டோர்ஸ் ஆகிவிட்டது. காலை வணக்கப் படங்கள், கேஸ் சிலிண்டர் நம்பர், ஸ்டேஷனில் ஸ்கூட்டர் நிறுத்திய தூணின் அடையாளம், தவறுதலாக எடுத்த தன் கட்டைவிரல், எல்லாம் வந்தது வந்தபடி இருந்தது. டார்ச் அடிக்க மூன்று ஆப். திசை காட்ட ஒன்று. புனேயின் தாபோடியில் பிறந்து தாபோடியிலேயே கிழவராகிற மனிதருக்கு எந்தத் திசை தெரியவில்லை என்று வேதநாயகி கேட்டுப் பார்த்தாள். இருக்கட்டும், என்றைக்காவது உதவும் என்றார்.

வேதநாயகி அவருடைய மனைவி. ஐம்பதைத் தாண்டிய பிறகு அவளுக்கு டோல் என்கிற பெரிய மேளத்தை அடிக்கும் ஆசை வந்தது. இதை நினைத்தாலே ஜெகதீசனுக்குச் சிரிப்பும் பெருமையும் ஒன்றாக வரும். மழை தொடங்கியதும் ஆற்றோரத்தில் பாலத்துக்குக் கீழே கணபதி ஊர்வலத்துக்காக டோல் கோஷ்டி பயிற்சி எடுக்கும். சாயங்கால நடைக்குப் போனவள் நின்று கேட்டாள். மறுநாளும் நின்றாள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு சுஷ்மா, "அரே காகூ, எத்தனை நாள்தான் நின்னு கேப்பீங்க, வாங்க" என்று சித்தி முறை கொண்டாடிக் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஒரு டோலை இடுப்பில் கட்டிவிட்டாள். முதல் வாரம் இடுப்பெல்லாம் கன்றிப்போய், தைலம் தேய்க்கச் சொல்லிப் படுத்துக் கிடந்தாள். இத்தோடு விட்டுவிடுவாள் என்று ஜெகதீசன் நினைத்தார். அவள் விடவில்லை. குக்கர் மூடியில், பஸ் கம்பியில், தூங்கும்போது அவர் முதுகில்கூடத் தாளம் போட்டாள்.

ஊர்வலத்துக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது பயிற்சியைப் படம் எடுக்க ஜெகதீசன் போனார். எடுக்கத் தொடங்கிய மூச்சிலேயே போன் நின்றுவிட்டது. இடம் இல்லை, எதையாவது அழியுங்கள் என்று சொல்லிவிட்டது. வேதநாயகி பார்த்தாள். வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு எதிரே உட்கார்ந்துதான் பேசினாள்.

"என்னங்க, நான் உங்ககிட்ட இதுவரைக்கும் பெருசா ஒண்ணும் கேட்டதில்ல. ஊர்வலத்தன்னிக்கு ரோட்ல ஆயிரம் பேர் போன்ல படம் எடுப்பாங்க. அவங்க படத்துல நான் கூட்டத்துல ஒருத்தி. நீங்க எடுத்தாதான் அதுல நான் இருப்பேன்."

அந்த வார்த்தை நேராகப் போய்த் தைத்தது. தமிழரசி அன்று ஷிப்ட், லீவு கிடைக்காது. வேதநாயகியின் போன் பேசுவதற்கு மட்டும்தான் லாயக்கு. ஆகவே எடுத்தால் ஜெகதீசன் எடுக்க வேண்டும். எடுக்க வேண்டுமென்றால் போனில் இடம் வேண்டும். இடம் வேண்டுமென்றால் எதையாவது அழிக்க வேண்டும். முறைப்படி.

அவர் போர்டைக் கூட்டினார்.

சேவியரும் இர்பானும் அவருடன் வேலை பார்த்து, அடுத்தடுத்த வருஷங்களில் ஓய்வு பெற்றவர்கள். சேவியர் ஒரு காரியத்தில் இறங்கினால் அதன் தலைவராகத்தான் இறங்குவார். இர்பானுக்குச் சாப்பாடு சம்பந்தப்பட்ட எதையும் அழிக்க மனசு வராது. இந்த இரண்டு பேரை வைத்துக்கொண்டு போனைச் சுத்தம் செய்வதைவிட அந்த ஆற்றைச் சுத்தம் செய்திருக்கலாம். தினமும் மாலை மூவரும் சோபாவில் நெருக்கியடித்து உட்கார்வார்கள். ஜெகதீசன் ஒவ்வொரு படமாகக் காட்டுவார். மூவரும் "போகலாம்" என்றால் அழிப்பார். ஒருவர் தலையாட்டவில்லை என்றாலும் அது பிழைத்தது.

முதல் நாள் ஒரு பிரியாணிப் படம் வந்தது. யார் வீட்டுக் கல்யாணம் என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. இர்பான் அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்து, இறைச்சி எவ்வளவு பக்குவமாக வெந்திருக்கிறது என்று விளக்கினார். படம் தப்பித்தது. மறுநாள் சேவியர் கண்ணை மூடியிருந்த ஒரு குரூப் போட்டோ வந்தபோது, தான் சம்பந்தப்பட்ட சாமானில் தான் முடிவு சொல்லக்கூடாது, அது விதி என்று அவரே ஒதுங்கிக்கொண்டார். ஆக இரண்டு கையெழுத்துதான், அதுவும் தப்பித்தது. டார்ச் ஆப்பில் இரண்டு போயின. ஒன்று கெட்டால் இன்னொன்று வேண்டுமே என்று மூன்றாவதை விட்டுவைத்தார்கள். திசை காட்டியை அழிக்கும்போது ஜெகதீசன் மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டார். காலை வணக்கங்களில் பூவும் சூரியனும் உள்ளவை கழிவு, சாமி உள்ளவை இருப்பு என்று ஒரு கொள்கை முடிவு எடுக்கவே ஒரு மாலை போய்விட்டது. மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நடுநடுவே அந்தச் சிரிப்பையும் அதே போனில் ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டார்கள். வேதநாயகி பஜ்ஜித் தட்டைக் கொண்டுவந்து வைத்தபோது அதையும் எடுத்தார்கள்.

தமிழரசி போனில் அழைத்து, எது அதிக இடம் பிடிக்கிறது என்று செட்டிங்ஸில் பார்க்கச் சொன்னாள். பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, மற்றதையெல்லாம் கொசுவாக்கிவிட்டு, யானை மாதிரி ஒன்று நின்றது. ஜெகதீசனின் பிரிவு உபசார விழா வீடியோ.

அந்தப் போனில் எடுத்த முதல் வீடியோ அதுதான். எடுத்தவர் சேவியர், அரை மணிக்கு மேல் கை அசையாமல் எடுத்ததில் அவருக்கு இன்றுவரை கர்வம் உண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாத அளவுக்குப் பெரியது, ஆகவே வேறெங்கும் பிரதி இல்லை. பெரிய அதிகாரி மைக் பிடித்து ஜெகதீசனைப் பற்றிப் பேசுவார். மாலை போடுவார்கள், சால்வை போர்த்துவார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் ஜெகதீசன் அதைக் காட்டுவார். எல்ஐசி ஏஜென்ட் பார்த்திருக்கிறார், கேபிள்காரன் பார்த்திருக்கிறான். அவ்வளவு நீளத்தில் வேதநாயகி வருவது ஓர் இடத்தில் மட்டும்தான். அதுவும் பூந்தொட்டிக்குப் பின்னால், சமோசாவும் கையுமாக.

பட்டியலில் அந்த வரியில் விரல் வந்து நின்றது. சேவியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இது போர்டின் வரம்புக்குள் வராது என்றார். அடுத்த சாமானுக்குப் போனார்கள்.

இப்படியாக ஊர்வல நாள் வந்தபோது போனில் கொஞ்சம் இடம் கிடைத்திருந்தது. பத்து நிமிஷ வீடியோவுக்குக் காணும் என்று தமிழரசி கணக்குச் சொன்னாள். அப்பா, அம்மா வருகிறவரை பட்டனையே தொடாதீர்கள் என்றும் சொன்னாள். சொல்லிப் பயன்?

வேதநாயகி வெள்ளைக் குர்த்தா போட்டு, காவித் துணியில் தலைப்பாகை கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். அதை எடுக்காமல் எப்படி இருப்பது? எடுத்தார். மதியத்திலிருந்து கடைவீதியின் சவுக்கில், அதாவது நாற்சந்தியில், இடம் பிடித்து மூவரும் நின்றார்கள். முன்னால் வந்த கோஷ்டிகளும் சும்மாவா அடித்தார்கள்? காது மடல் துடித்தது. ஜெகதீசன் அவர்களையும் எடுத்தார். குலால் வண்ணப்பொடி பூசிய குழந்தைகளை எடுத்தார். பானி பூரி சாப்பிடும் இர்பானை எடுத்தார். சேவியரின் போன் சார்ஜ் இறங்கி எப்போதோ செத்திருந்தது. இர்பானிடம் இருந்தது பட்டன் போன்.

வெயில் சாயும் நேரத்தில் வேதநாயகியின் கோஷ்டி வளைவில் திரும்பியது. மூன்றாவது வரிசையில் இடது ஓரம் அவள். சுஷ்மா அவளுக்குப் பக்கத்தில். ஜெகதீசன் போனைத் தூக்கி அழுத்தினார். ஒரு நொடி ஓடியது, நின்றது. இடம் இல்லை.

கோஷ்டி சவுக்கின் நடுவில் வந்து வட்டமாக நின்றது. தாஷா என்கிற சின்னப் பறையை அடிப்பவர் தாளத்தைத் தொடங்கிவிட்டார். டோல்கள் எழுவதற்குச் சில நிமிஷம்தான் இருந்தது. அடித்து முடித்தால் ஊர்வலம் நகர்ந்துவிடும், அப்புறம் அடுத்த வருஷம்தான். இர்பான் பதறிப்போய், என் பிரியாணியை அழி, அழி என்று கத்தினார். பிரியாணி போயிற்று. போதவில்லை. குழந்தைகள், கட்டைவிரல் என்று கைக்கு வந்ததையெல்லாம் தட்டினார். அதுவும் ஒரு மூச்சுக்குத்தான் காணும். வேதநாயகி கூட்டத்தைப் பார்த்தாள். கண்கள் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு வந்தன.

ஜெகதீசன் அந்தப் பெரிய வரியைத் திறந்தார்.

"டேய் ஜெகா," என்று சேவியர் கையைப் பிடித்தார். "அது நான் எடுத்ததுடா. போர்டு கூடலியே."

"கையை விடுடா."

அழித்தார். போன் அதைக் குப்பைத்தொட்டிக்கு நகர்த்தி வைத்துக்கொண்டு, முப்பது நாள் பத்திரமாக இருக்கும் என்று ஆறுதல் சொன்னது. இடத்தை மட்டும் தரவில்லை. தொட்டிக்குள் போய் அங்கேயும் அழித்தார். இனித் திரும்பக் கிடைக்காது, சம்மதமா என்று கேட்டது. ஆயுசு முழுக்க இன்னொருவர் கையெழுத்துக்காகக் காத்திருந்த மனிதர், யாரையும் கேட்காமல் சம்மதம் என்று அழுத்தினார். போனை உயர்த்தினார்.

வேதநாயகி அவரைக் கண்டுபிடித்துவிட்டாள். அவ்வளவுதான், அவள் கைக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ! டோல்கள் ஒரே அடியாக இறங்கின. தலைப்பாகை நழுவ, நெற்றியில் வேர்வை வழிய, முகமெல்லாம் சிரிப்பாக அடித்தாள். சுற்றி நாற்பது பேர் அடித்தார்கள். ஜெகதீசன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. கை வலித்தது, மாற்றிக்கொள்ளவில்லை. அழித்ததற்காக வருத்தம் எப்போது வரும் என்று ஒரு பக்கம் காத்திருந்தார். வரவேயில்லை. சந்தோஷத்தில் அவரே வாய்விட்டுத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து, இடுப்பில் துண்டை ஒத்திக்கொண்டே வேதநாயகி அதை முழுசாகப் பார்த்தாள். டோலுக்கு மேலே ஜெகதீசனின் "டட டம்" கர்ணகடூரமாகக் கேட்டது. இரண்டாம் முறையும் பார்த்தாள். எவ்வளவு நன்றாக அடித்திருக்கிறேன் என்று தானே சொல்லிக்கொண்டாள். பிறகுதான், இடம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டாள்.

சொன்னார். வேதநாயகியின் முகம் மாறியது. அந்த வீடியோவை அவர் எப்படி வைத்திருந்தார் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? பிறகு எழுந்து, தலைப்பாகைத் துணியைச் சால்வையாகத் தோளில் போட்டுக்கொண்டு, சப்பாத்திக் கட்டையை மைக்காகப் பிடித்தாள். பெரிய அதிகாரி இருமுவதைப் போலவே இரண்டு தரம் இருமினாள். மைக் கீச்சிட்ட சத்தத்தையும் விடவில்லை.

"ஜெகதீசன்ஜி கே ரஹ்தே, ஏக் கீல் பீ இதர் ஸே உதர் நஹீ ஹுயீ."

ஜெகதீசன் இருந்தவரை ஒரு ஆணிகூட இங்கேயிருந்து அங்கே போகவில்லை என்று அர்த்தம். அதே நிறுத்தம், அதே இழுப்பு. கைதட்டல் வரும் இடத்தில் கைதட்டினாள். அவருடைய குடும்பத்தாருக்கும் நன்றி என்று அதிகாரி போகிற போக்கில் சொன்னதை, போகிற போக்கிலேயே சொன்னாள். வந்தவர் போனவருக்கெல்லாம் அவர் போட்டுக் காட்டியதில், அரை மணிக்கு மேல் ஓடும் அந்த வீடியோவில் ஒரு சொல்கூட அவளுக்குத் தப்பவில்லை. ஜெகதீசன் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் கட்டி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வேதா, முதல்லேர்ந்து இன்னொரு தடவை."

"ஆகட்டும். இத்தன வருஷமா அது ஓடறப்ப எல்லாருக்கும் காபி போட்டுக் குடுத்தது நான்," என்றாள் அவள், சோபாவில் காலை நீட்டிக்கொண்டு. "இப்ப நீங்க போய் போடுங்க. சக்கரை கம்மியா."

ஜெகதீசன் எழுந்து அடுக்களைக்குப் போனார்.