கஞ்சி கலந்த பூச்சிமருந்து

எங்கள் எதிர்வீட்டு அண்ணாச்சிக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். கீழப்பாவூர்ப் பக்கம் கொஞ்சம் வயல் வைத்திருக்கிறார். இந்த இரண்டு தகுதியும் சேர்ந்துவிட்டால் தென்காசியில் ஒரு மனிதர் டாக்டருக்கும் யோசனை சொல்லலாம், வக்கீலுக்கும் சொல்லலாம். எங்கள் வீட்டு கிரைண்டர் மெதுவாகச் சுற்றுகிறது என்று ஒருமுறை அவரே கழற்றி மாட்டினார். அதற்குப் பிறகு அது சுற்றவே இல்லை.

என் முற்றத்துச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி பிடித்திருந்தது. ஹோஸ் பைப்பால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தேன். வெறும் தண்ணீரில் பூச்சி போவதை அவரால் பொறுக்க முடியவில்லை.

"தங்கச்சி, என்ன விளையாட்டு இது? வயலுக்கு வாங்குன மருந்து மிச்சம் கெடக்கு. ஒரு அடி அடிச்சாப் போதும்."

எங்கள் வீட்டு நாய் திரிகிற இடம், வேண்டாம் என்றேன். தெளிவாகத்தான் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே போனார். நான் வேண்டாம் என்று சொன்னது, வீட்டில் ஆள் இல்லாதபோது வாருங்கள் என்று அவருக்குக் கேட்டிருக்கிறது.

குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. சென்னையிலிருந்து வந்து இறங்கிய உறவுக் கூட்டத்தை ஒரு காலையில் அருவிக்குக் கூட்டிப் போனேன். தலை ஈரம் காயாமல் மதியம் திரும்பினால், செம்பருத்தியடியில் நாய் விழுந்து கிடக்கிறது. வண்டிச் சத்தம் கேட்டதுமே கேட்டைப் பிறாண்டுகிற நாய். வாயில் நுரை வழிந்தது, கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. செடி முழுக்க வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. கீழ் இலைகள் மட்டும் நக்கித் துடைத்தாற்போல் சுத்தமாக இருந்தன.

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினேன். அவர் நாயின் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, பூச்சிமருந்து உள்ளே போயிருக்கிறது, என்ன மருந்து என்று உடனே கேளுங்கள் என்றார். அண்ணாச்சிக்கு போன் போட்டேன்.

"என்ன மருந்து அடிச்சீங்க?"

"நல்ல மருந்து."

"பேரு என்ன?"

"பேரு எங்க ஞாபகம் இருக்கு? கலர் குடிச்ச பாட்டில்ல ஊத்தி வச்சிருந்தேன். சாரல்ல மருந்து நிக்காதுல்லா, அதனால ரெண்டு மூடி கூடப் போட்டு, சோத்துக் கஞ்சியில கலக்கி அடிச்சேன். பசை மாதிரி ஒட்டிக்கிடும். நாய்க்கு என்ன? புளியக் கரைச்சு வாயில ஊத்து, சரியாப் போவும்."

கஞ்சி கலந்தால் மருந்து இலையில் ஒட்டும். வயலில் அது கெட்டிக்காரத்தனமாகவே இருக்கட்டும். என் நாய் தினமும் காலையில் குடிப்பதே சோற்றுக் கஞ்சிதான். அதற்குப் பிடித்த சாப்பாட்டில் விஷத்தைக் கலந்து, அதன் வாய்க்கு எட்டுகிற உயரத்தில் பூசிவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். இதில் வைத்தியம் வேறு சொல்கிறார்.

வலிப்பு வருகிற நாயின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்று டாக்டர் அதட்டினார். "பேரில்லாத மருந்தை, கலர் குடிக்கிற பாட்டில்ல ஊத்தி வச்சிருக்காரே, அவருக்குத்தான் முதல்ல ஊசி போடணும்," என்றவர், அறிகுறிகளை வைத்தே ஊசி போட்டார். ரோமத்தில் ஒட்டியிருந்ததைக் கையுறை போட்டுக்கொண்டு சோப்பால் கழுவினார்கள். பிழைக்குமா என்று கேட்டேன். இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இருட்டுகிற நேரத்தில் அது கண் திறந்து என் கையை மோந்து பார்த்தபோதுதான் அழுதேன்.

அது வீட்டுக்கு வந்த பிறகு அண்ணாச்சி நலம் விசாரிக்க வந்தார். வழக்கம்போல் கேட்டின் தாழ்ப்பாளை அவரே திறந்துகொண்டு வந்தார். நான் வெட்டிப் போட்ட செம்பருத்தியைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு பூச்சி இல்லாத செடிய இப்படி வெட்டிட்டியே," என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு நாயைப் பார்த்தார்.

"கஞ்சியும் சேந்து உள்ள போனதாலதான் தப்பிச்சுது, தங்கச்சி. வெறும் மருந்தா இருந்தா போயிருக்கும்."

பின்னங்கால் இன்னும் சரியாக ஊன்றாத நாய், தட்டுத்தடுமாறி எழுந்து அவரிடம் போய் வாலை ஆட்டியது. அவர் குனிந்து அதன் தலையைத் தடவினார்.

"பாத்தியா, அதுக்குத் தெரியுது," என்றார்.

அதற்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். அவர் தெருவைத் தாண்டி வீட்டுக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைக்குப் போய் கேட்டுக்கு ஒரு பூட்டு வாங்கி வந்தேன்.