தக்கையில் விழுந்த அடி

பாசி அழுகும் நாற்றம் வந்தாலே திருச்சுழிப் பக்கத்து அந்த ஊருணி எனக்குள் தளும்பும். தொண்ணூறுகளில் நுண்ணுயிர் ஆய்வு மாணவியாகப் போயிருந்தேன். நீரில் மிதந்த பச்சையைக் கரையில் நின்றே பார்த்து, "சாயம் மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லை நம்பி, நூலுக்குச் சாயம் போடும் சவரியம்மாளின் பட்டறையை ஊர் மூடவைத்தது.

கொண்டுபோன அந்த நீரை மதுரை ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் பார்த்ததும் கூனிக் குறுகினேன். அந்தப் பச்சை சாயமல்ல, உயிர். தனக்குள் காற்றடைத்த நுண்ணிய புரதக் கூடுகளால் மிதந்துகொண்டிருந்த பாசி.

மறுநாளே பஸ் ஏறினேன். ஊர் பார்க்க, கெட்டியான பாட்டிலில் பச்சை நீரை விளிம்புவரை நிரப்பி, தக்கையால் இறுக்கி, சுத்தியலால் ஓங்கி அடித்தேன்.

"ஏலே, இந்தப் பிள்ளைக்குக் கிறுக்கா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அழுத்தத்தில் கூடுகள் நொறுங்கின. மிதந்த பச்சை மெல்ல இறங்கி அடியில் படிந்தது.

"என் சாயத்தண்ணியையும் அடி தாயி!" என்று சவரியம்மாள் இன்னொரு பாட்டிலை நீட்டினார். அடித்தேன். நிறம் இம்மியும் அசையவில்லை.

"ஊருணியில மிதந்தது சாயமில்ல, பாசி. தப்பு என்னோடது" என்றேன். பெண்கள் குலவையிட்டார்கள். சாயந்தரமே சாய அடுப்பு புகைந்தது.

வாழ்க்கையில் நான் ஓங்கி அடித்தது அன்று மட்டும்தான். அந்த அடி என் வார்த்தையின்மேல்தான் விழுந்தது.

பஸ் நிறுத்தத்தில் சவரியம்மாள் சிரித்தார்: "இனிமே வாயத் தொறக்குமுன்ன பாட்டில ஒரு தட்டுத் தட்டிப் பாரு தாயி."