பாலிஷ் போட்ட டேங்க்

என் அக்கா வீட்டு வாசலில் ஒரு பலகை தொங்கும். ‘பைக் பெயின்டிங்’ என்று நீலத்தில் எழுதி, கீழே மாமாவின் போன் நம்பர். எழுதியது அக்கா. வருகிற பைக்குகளுக்கெல்லாம் பெயின்ட் அடிப்பதும் அக்காதான். இந்த ஒன்பது வருஷத்தில் மாமா கையில் பிடித்த ஒரே பிரஷ், பல் விளக்குகிற பிரஷ்.

ஆரம்பத்தில் அது ஓர் ஏற்பாடு. “பொம்பளைய நம்பி யாரும் பெட்ரோல் டேங்கைக் குடுக்க மாட்டாங்க, பேச்சை நான் பாத்துக்கறேன்” என்றார் மாமா. பார்த்துக்கொண்டார். பேசிப் பேசி, தான்தான் பெயின்டர் என்று கடைசியில் அவரே நம்பிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதைவிட எரிச்சல், யாராவது கேட்டால் நானும் “மாமாதான் அடிக்கிறார்” என்று சொல்லித் தொலைத்தது. விளக்கம் சொல்ல அலுப்பு, வேறென்ன?

வீட்டின் பின்பக்க அறைதான் அக்காவின் பட்டறை. சுவரெல்லாம் பிளாஸ்டிக் ஷீட், ஜன்னலில் ஒரு மின்விசிறி, நடுவில் டேங்கை மாட்டித் தொங்கவிட ஒரு கொக்கி. பழைய பெயின்ட்டைச் சுரண்டி எடுப்பாள். நெளிந்த இடத்தில் பட்டி பூசுவாள். காய்ந்ததும் தண்ணீர் தொட்டுத் தொட்டு உப்புத்தாளால் தேய்ப்பாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்து, “இன்னும் மேடு இருக்குடி” என்பாள். நான் தடவினால் ஒன்றும் தட்டுப்படாது.

அந்த அறைக்கு ஒரே சட்டம். எண்ணெய், கிரீம், பாலிஷ் எதுவும் உள்ளே வரக் கூடாது. பெயின்ட் அடிக்கிற நாளில் அவள் தலைக்குக்கூட எண்ணெய் வைக்க மாட்டாள். துளி பிசுக்கு இருந்தாலும் போதும், மேலே அடிக்கும் பெயின்ட் அந்த இடத்தை விட்டு ஒதுங்கி, அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும்.

போன மாதம் ஒரு ஷோரூம்காரர் டேங்க் ஒன்றைக் கொண்டுவந்தார். “இது பிடிச்சிருந்தா இனிமே எங்க வேலை மொத்தமும் உங்களுக்குத்தான்” என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இது மட்டும் நல்லா வரட்டும். அடிச்சது நான்தான்னு அந்த ஆள் மூஞ்சிக்கு நேரா சொல்லப் போறேன்.”

கரும்பச்சை நிறம். அதன் மேல், மூடியிலிருந்து பின்முனை வரை வளைந்து ஓடும் செம்பு நிறக் கோடுகள், நூல் மாதிரி. டேப் ஒட்டி, அடித்து, உரித்து, மறுபடி ஒட்டி ஐந்து நாள். கழுத்து திரும்பாமல் நடந்தாள். கலர் காய்ந்தபோது டேங்க் மங்கலாக இருந்தது. அப்படித்தான் இருக்கும். அதன் மேல் கண்ணாடி மாதிரி ‘கிளியர்’ என்று ஒன்றை அடித்தால்தான் பளபளப்பு வரும். பெயின்ட் வேலையின் அரிச்சுவடி இது.

மறுநாள் காலை தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு, கிளியர் அடிக்க ஆரம்பித்தாள். ஒரு சுற்று முடிவதற்குள் டேங்க் முழுக்கக் குழி குழியாக விழுந்தது. ஸ்பிரே கன்னைக் கீழே வைத்துவிட்டு, முகமூடியைக்கூடக் கழற்றாமல் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மதியம் ஷோரூம்காரர் வந்தார். டேங்கைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. மாமாவா அசருவார்?

“பெயின்ட் சரியில்ல சார். நேத்து நான் கலர் அடிச்சு முடிச்சப்ப எப்படி இருந்துச்சுன்னு நீங்களே பாருங்க” என்று போனை நீட்டினார். போட்டோவில் டேங்க் வெயிலில் தகதகத்தது.

“கிளியர் அடிக்காம எப்படிங்க இப்படி மின்னுது?”

“டல்லா இருந்துச்சு சார். போட்டோவுக்கு எடுப்பா இருக்கட்டுமேன்னு காருக்குப் போடற பாலிஷைப் போட்டு நல்லாத் தேச்சேன். எடுத்ததும் தொடச்சு வெச்சுட்டேன்.” பெருமையாகத்தான் சொன்னார்.

அந்தப் பாலிஷ் டப்பாவை அப்படியே அவர் தலையில் கவிழ்த்தால் என்ன என்று இருந்தது எனக்கு.

ஷோரூம்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நிஜமா நீங்கதான் அடிக்கறீங்களா?”

“ஒய்ஃப் கொஞ்சம் ஹெல்ப் பண்ணுவா சார்.”

கொஞ்சமாம்! நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்தாள்.

“நான்தான் அடிச்சேன். ஒன்பது வருஷமா நான்தான் அடிக்கறேன். நல்லா வந்தா சொல்லலாம்னு இருந்தேன், நாசமாப் போச்சு. பரவால்ல, இதுவும் என் வேலைதான். முழுசாத் தேச்செடுத்துட்டு முதல்லேருந்து அடிக்கணும். பத்து நாள் குடுங்க.”

ஷோரூம்காரர் குனிந்து, குழிகளுக்கு நடுவே ஓடிய செம்புக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அவளைத் தாண்டி மாமாவிடம் கேட்டார்: “என்ன சார், பத்து நாள்ல முடிஞ்சிடுமா?”

“அவரைக் கேட்டா பாலிஷ் போட்டுக் குடுப்பாரு” என்றாள் அக்கா. “என்னைக் கேளுங்க.”

ஷோரூம்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் பக்கம் திரும்பி, அதே கேள்வியை முதலிலிருந்து கேட்டார். முடியும் என்றாள். டேங்கை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

அக்கா உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தாள். டேங்கைத்தான் தேய்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். விறுவிறுவென்று வாசலுக்குப் போய்ப் பலகையின் அடிப்பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

“ஏய், அதுல என் நம்பர் இருக்கு” என்று ஓடிவந்தார் மாமா.

“தெரியும்” என்றாள் அக்கா, தேய்த்துக்கொண்டே.