பாலத்துக்குள் நுழையாத ரயில்

பத்து வருடமாக செராமிக் கம்பெனியில் அச்சு செய்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வதே, "மண்ணு சூளையில சுருங்கும், அளவைக் கூட்டிச் செய்யுங்க" என்பதுதான்.

வீட்டு ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு நான் பொம்மை ரயில் நிலையம் கட்டுவது உங்களுக்குத் தெரியும். நம் ஊர் ஜங்ஷனின் மாதிரிதான். அதற்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, படி, கைப்பிடியெல்லாம் வைத்து மண்ணில் ஒரு நடைமேம்பாலம் செய்தேன். இன்ஜினை அளந்து, அதற்கு மேல் ஒரு நூல் இடமும் விட்டேன்.

இன்று பாலம் சூளையிலிருந்து வந்தது. அழகாக வெந்திருந்தது. தண்டவாளத்துக்கு மேல் வைத்து ரயிலை ஓடவிட்டேன்.

இன்ஜின் தலை பாலத்தில் முட்டி நின்றது.

ஊருக்கெல்லாம் சொன்னவன், என் பாலத்துக்கு அளவைக் கூட்ட மறந்திருக்கிறேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, வண்டி உள்ள வரலியா?"

"வராது. பாலத்தைத் திரும்பச் செய்யணும்."

"எதுக்குங்க? அப்படியே வுடுங்க. நேத்து நாம வந்த வண்டியும் சிக்னல் கிடைக்காம ஸ்டேஷனுக்கு வெளிய அவுட்டர்லதான நின்னுச்சு. இப்பதான் அசல் நம்ம ஜங்ஷன் மாதிரி இருக்குது."

பாலத்தை எடுக்கவில்லை. ரயில் வெளியேதான் நிற்கிறது. சிக்னலுக்கு யாரைக் கேட்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.