குளிர்ந்த நிலவறையில் கசிந்த பீப்பாய்

அழுத்தம் ஏற்றிய பீப்பாயைப் பற்றி எழுதுபவர் ஊகத்தை எழுதலாகாது. படிப்பவர் அதை நம்பி மூடியில் கைவைத்துவிடக்கூடும். ஆகவே என் கையால் சோதித்தவற்றையும் என் காதால் கேட்டவற்றையும் மட்டுமே இங்கே தருகிறேன்.

டென்மார்க்கின் கோல்டிங் நகரில், வீட்டிலேயே பியர் வடிப்போருக்கான பொருள்களை விற்ற ஒரு கடையில் பழுது பார்ப்பவனாக இருந்தேன். நொதித்த பியரைத் தடித்த பிளாஸ்டிக் பீப்பாயில் ஊற்றித் திருகுமூடியால் அடைத்து, சிறு உருளையிலிருந்து கரியமில வாயுவை ஏற்றுவார்கள். மூடிக்கு அடியிலுள்ள ரப்பர் வளையம் சரியாகப் படியாவிட்டால் வாயு வெளியேறிவிடும், பியர் சப்பென்றாகிவிடும்.

ஒரு குளிர்காலத்தில், இறைச்சித் தொழிற்சாலையில் வேலைசெய்த, என்னைப்போல் இலங்கையிலிருந்து வந்த மன்னார்க்காரர் அந்தோனி, வெற்றுப் பீப்பாயைத் தோளில் சுமந்து வந்தார்.

“அண்ணை, பின்னேரம் காஸ் அடிச்சால் காலமை ஒண்டும் இல்லை. பியர் இன்னும் வாளிக்குள்ள கிடக்குது. பழுதாகப் போகுது.”

வாயு ஏற்றி, மூடியைச் சுற்றிச் சோப்பு நீர் பூசினேன். கசிந்தால் குமிழி எழும். மாலைவரை ஒன்றும் எழவில்லை. கொண்டுபோனவர் மறுநாளே திரும்பி வந்தார்.

“உங்கட கடையில நல்ல பிள்ளையா இருக்குது. என்ர வீட்டிலதான் குழப்படி.”

கடையின் உரிமையாளர் கிர்ஸ்டன் அம்மையார் டேனிஷில் சொன்னார்: “பீப்பாயைப் பார்த்தது போதும். அது இருக்கிற இடத்தைப் போய்ப் பார்.”

அந்தோனியின் வாடகை வீட்டு நிலவறையில் வெப்பமூட்டி இல்லை. அங்கேயே வாயு ஏற்றிக் காத்திருந்தோம். பீப்பாய் நன்கு குளிர்ந்த பின்பு, மூடியின் ஓரத்தில் ஒரே இடத்தில் குமிழிகள் வரிசையாக எழுந்தன. வாயுவை முழுதும் வெளியேற்றிவிட்டு மூடியைத் திறந்தேன். வளையத்தின்மேல் மெழுகுபோல் வெள்ளைப் படிவு. சுரண்டி முகர்ந்தேன்.

“என்ன பூசினீர்?”

“தேங்காயெண்ணெய். ரப்பர் காயாமல் இருக்கட்டும் எண்டு. எங்கட ஆக்கள் அது பூசாத சாமான் என்ன இருக்குது?”

“தலைக்குப் பூசும். இந்தக் குளிருக்குள்ள அது கட்டியாப் போகும்.”

“குளிக்கிற அறைப் போத்தலும் கட்டியாத்தான் கிடக்குது. பீப்பாயை நான் யோசிக்கேல்லை.”

சூடான கடையில் எண்ணெய் உருகி இடுக்கை அடைத்திருந்தது. நிலவறையில் அது உறைந்து, வளையத்தைச் சமமாகப் படியவிடாமல் தடுத்தது. மூடியையும் கழுத்தையும் வெந்நீராலும் சோப்பாலும் கழுவினேன். புதிய வளையம் இட்டு, உணவுப் பாத்திரங்களுக்குரிய சிலிக்கோன் மசகை மெல்லியதாகத் தடவி, கையாலேயே இறுக்கினேன். மறுநாள் அதே குளிரில் சோதித்தபோது குமிழி இல்லை. பியரை ஊற்றினோம்.

பிறகு அவர் கேட்டார்: “எவ்வளவு காலத்துக்குத் தாங்கும், அண்ணை?”

“எப்ப குடிக்கப் போறீர்?”

“தெரேசா வாற அண்டைக்கு. வந்தால் பியர் தரவேணும் எண்டு வேலையில எல்லாரும் நிக்கிறாங்கள்.”

தெரேசா அவருடைய மனைவி. குடும்பத்தை அழைத்துக்கொள்ள எங்களவர் கொடுத்த விண்ணப்பங்கள் அக்காலத்தில் பதிலின்றிக் கிடந்தன. காரணத்தை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

“கசியாட்டில் சில மாதம் இருக்கும். அதுக்குமேல என்னால சொல்ல ஏலாது.”

“அதுக்குள்ள வராட்டில் இன்னொருக்கா வடிப்பம். மூடி சரிதானே?”

“ஓம். மூடி சரி.”

ஒரு பொருளை அது இருக்கப்போகும் இடத்திலேயே சோதிக்க வேண்டும் என்பதை அந்த நிலவறையில் கற்றேன். அடுத்த வேனிலில் நான் கோப்பன்ஹேகனுக்குக் குடிபெயர்ந்தேன். போகுமுன் ஒருமுறை சென்று சோப்பு நீர் பூசிப் பார்த்தேன். பீப்பாயில் இருந்தது இரண்டாவது முறை வடித்த பியர், மூடி கசியவில்லை. அது எத்தனையாவது நிரப்பில் திறக்கப்பட்டது, யார் யார் குடித்தார்கள், தெரேசா வந்தாரா என்பவை எனக்குத் தெரியா.