பிள்ளைப்பாக்கத்துக்காரன் ஆவதற்குப் பதினோரு சொம்பு கூழ்

ஒரகடம் பக்கம் வேலை கிடைத்து வருகிற தெற்கத்தித் தம்பிகள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, இந்த ஊர்க்காரங்களோட எப்படி ஒட்டிக்கிறது?" சரியான ஆளிடம்தான் கேட்கிறார்கள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து இந்த வட்டாரத்தைக் கண்டுபிடித்தவனே நான்தான். யாரும் புத்தகத்தில் போடவில்லை என்பதால் நானே எழுதுகிறேன். படிப்பு எட்டாவது வரை. அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அங்கே வாத்தியார் இல்லை.

வருஷம் 1976, ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை. அப்போது நான் மெட்ராஸ் வந்து இரண்டு வருஷம், கிண்டியில் ஒரு பட்டறையில் கடைசல் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். (நான் லீவு போட்டால் மெட்ராஸில் பாதி மிஷின் நின்றுவிடும்.) பக்கத்து மிஷின் ஏகாம்பரத்துக்குச் சொந்த ஊர் இந்தப் பக்கத்துப் பிள்ளைப்பாக்கம். அவன் தங்கை கன்னியம்மாவை அவன் மூலமாகவே பெண் கேட்டிருந்தேன். மற்றப் பொருத்தமெல்லாம் சரி, என் ஊர்தான் இடித்தது. "மூத்தவளை மண்ணூர்ல குடுத்துகீறேன், நெனச்சா போய்ப் பாக்கறேன். சின்னவளை அந்தக் கோடியில குடுத்துட்டு எங்க போய்த் தேடறது?" என்று அவர்கள் அப்பா முனுசாமி இரண்டு தடவை மறுத்துவிட்டார். கூழ் ஊற்றுகிற அன்றைக்கு வா, நேரில் பார்த்தால் மனசு மாறும் என்றான் ஏகாம்பரம். நான் ஒரு படி மேலே போய், பிள்ளைப்பாக்கத்துக்காரனாகவே மாறிப்போய் நிற்பது என்று முடிவு செய்தேன்.

அதற்கு ஏற்பாடு பலமாக நடந்தது. பேச்சுக்கு, கிண்டி ஸ்டேஷன் வாசல் ரிக்‌ஷாக்காரர்களிடம் ஒரு மாதப் பயிற்சி. உடுப்புக்கு, ஏழு ரூபாயில் கட்டம் போட்ட லுங்கி, தலையில் கட்ட ஒரு துண்டு.

கிண்டியில் காலை 5.40க்குப் பஸ். பூந்தமல்லியில் 6.25, டிக்கெட் 35 பைசா. அங்கிருந்து காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறி ஸ்ரீபெரும்புதூரில் 7.20க்கு இறங்கினேன், 70 பைசா. பஸ் ஸ்டாண்டில் ஏகாம்பரம் இஸ்திரி போட்ட டெர்லின் சட்டையும் பேன்ட்டுமாக நின்றான்.

"இன்னாடா இது கோலம்? கறிக்கடைக்குப் போறாப்போல வந்துகீற! திருவிழாடா இன்னிக்கு!"

"உங்க ஊர்ல லுங்கிதானே கட்டுவாங்க?"

"ஏர் ஓட்டசொல்ல கட்டுவாங்க!"

மூன்று மைல் நடை. இன்றைக்குக் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கிற இடமெல்லாம் அன்றைக்கு நாற்றங்கால். நான் நடந்த வேகத்தில் கொக்குகள் வழிவிட்டுப் பறந்தன.

வீட்டு வாசலில் முனுசாமி, வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. நான் துண்டை அவிழ்க்காமல், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மனப்பாடம் செய்ததை எடுத்துவிட்டேன்: "இன்னா நைனா, சோக்கா கீறியா?"

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. மயங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கோயிலில் பெரிய அண்டாவில் எல்லார் வீட்டுக் கூழையும் சேர்த்து ஊற்றிக் கொடுத்தார்கள். அதோடு முடியவில்லை. விருந்தாளி என்று தெரு முழுக்க அழைத்து, வீட்டுக்கு ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ், கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. மிச்சம் வைத்தால் ஊர்க்காரனா நான்? காலி செய்தேன். காலியானால் மறுபடி ஊற்றினார்கள். பதினோரு சொம்பு. இன்று வரை அந்தத் தெருவில் யாரும் அதை முறியடிக்கவில்லை.

பதினோராவது சொம்பில்தான் ஏகாம்பரம் ஓடி வந்தான். "டேய், டேய்! ஒரு வாய் குடிச்சிட்டு சொம்பு மேல கைய வெச்சா போதும்டா! எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க, கண்ணு இல்ல உனக்கு?"

கண் இருந்தது. வயிறு மறைத்தது.

முனுசாமி வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை. ரிக்‌ஷா ஸ்டாண்டில் கற்றதெல்லாம் அந்த நிமிஷம் காணாமல் போனது. "ஏ ஆத்தி! வயிறு பொருமுதே! எங்கம்மா பேச்சைக் கேட்டு ஊரோட கெடந்திருக்கலாமே!" என்று கத்திவிட்டேன்.

கன்னியம்மா ஓமத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "இப்பத்தான்பா இந்த ஆளு மனுசன் பேசறாப்போல பேசறாரு" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முனுசாமி என் எதிரில் குந்தினார். "காத்தாலேர்ந்து பாத்துகினுகீறேன். நீ இன்னாத்துக்கு இப்படி வேஷம் கட்டற? ரெண்டு வருசத்துல பெத்தவ குடுத்த பேச்சையே தொலச்சிட்டு வந்து நிக்கிற. என் பொண்ணை எத்தினி வருசத்துல தொலப்ப?"

நான் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். என் சரித்திரத்திலேயே நான் இறங்கிப்போனது அந்த ஒரு தடவைதான்.

மாலை 4.50க்கு வயிறு நடக்க அனுமதித்தது. காரியம் கெட்டது என்று செருப்பை மாட்டினேன். முனுசாமியும் செருப்பை மாட்டினார். ஏகாம்பரத்தை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, மூன்று மைலும் அவரே கூட வந்தார். இரண்டு மைல் கடந்தோம். பிறகு ரோட்டைப் பார்த்தபடி கேட்டார்:

"உங்க ஊருக்கு எத்தினி மணிக்கு ரயிலு?"

இந்தக் கட்டுரை முழுக்க நேரம் சொல்லிக்கொண்டு வருகிற எனக்கு அது தெரியவில்லை. மெட்ராஸ்காரனாகிற அவசரத்தில் இரண்டு வருஷமாக நான் ஊர்ப்பக்கமே போகவில்லை.

"ராத்திரி... ஏழு, ஏழரை இருக்கும்" என்றேன்.

"உங்கம்மா கீறாங்க இல்ல?"

"இருக்காங்க மாமா. தனியாத்தான் இருக்காங்க."

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். "அப்ப வர்ற சனிக்கெழம நான் எக்மோருக்கு வந்துடறேன். ரெண்டு பேருமா மணி கேட்டு ஏறிக்கலாம்."

பஸ் 6.15க்கு வந்தது. உட்கார இடம் இருந்தும் பூந்தமல்லி வரை நான் நின்றுகொண்டே வந்தேன்.

இனி, இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு. பூந்தமல்லி, குன்றத்தூர் இரண்டு வழியாகவும் இப்போது பஸ் உண்டு, நடை மிச்சம். ஆடி ஞாயிறுகளில் வந்தால் கூழ் கிடைக்கும், காலையில் வெறும் வயிற்றோடு வாருங்கள். லுங்கி தேவையில்லை, கன்னியம்மா இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். பெண் கேட்டு வருகிறவர்களாக இருந்தால் இன்னும் ஒன்று: வருவதற்கு முன்னால் ஒரு நடை உங்கள் அம்மாவைப் பார்த்துவிட்டு, ரயில் நேரத்தைச் சரியாகத் தெரிந்துகொண்டு வாருங்கள். கட்டாயம் கேட்பார்கள்.